பத்தியத்துல சேராத கேசரி

பெத்தவங்களே, ஒரு குட்டிக் கதை சொல்றேன். சாப்பாட்டு மணி அடிக்கிறதுக்குள்ள முடிச்சிடுவேன், பயப்படாதீங்க.

தென்காசிப் பக்கம் மகேஸ்வரின்னு ஒரு அம்மா. மக ஆதிரைக்கு அஞ்சு வயசு. ஆட்டிசம்... பேச்சு வரல. ஒரு வீடியோவுல எவனோ சொன்னான், "பாலை நிறுத்து, கோதுமையை நிறுத்து, பிள்ளை பேசும்." நிறுத்திட்டா. டாக்டரைக் கேட்டாளா? கேக்கல.

மூணு மாசம் கடும் பத்தியம். பிஸ்கட் இல்ல, தயிர்சாதம் இல்ல. பாருங்க... பிள்ளை பேசிருச்சு! "இன்னும்"னு ஒரே ஒரு வார்த்தை. மகேஸ்வரிக்குக் கால் தரையில பாவல. முட்டையையும் நிறுத்தினா நாலு வார்த்தை வரும்னு அடுத்த திட்டம் போட்டா. பிள்ளையோ ரெண்டு கிலோ இளைச்சு நிக்குது.

நல்லவேளை, புருஷன் குற்றாலிங்கம் பிடிவாதமா ஒரு உணவு ஆலோசகர்கிட்ட கூட்டிட்டுப் போனார். அந்தம்மா கேட்டாங்க, "பாப்பா என்னென்ன சாப்பிடுறா?"

"இட்லி, சோறு, முட்டை, வாழைப்பழம். பால் ஒரு சொட்டு கிடையாது மேடம்."

"வேற?"

"வேற ஒண்ணுமில்ல."

குற்றாலிங்கம் தலையைச் சொறிஞ்சார். "சாயங்காலம் பிள்ளையார் கோயில் பிரசாதம் மட்டும் மேடம்... ரவா கேசரி. வெள்ளிக்கிழமைன்னா பால்பாயசம்."

"ரவை கோதுமைதானே சார்?"

மகேஸ்வரி விடுவாளா? "மேடம், அது பிரசாதம். அது எப்படிச் சாப்பாட்டுல சேரும்?"

சிரிக்கிறீங்க... நீங்க சேர்ப்பீங்களா?

ஆலோசகரும் சிரிச்சுட்டாங்க. "சரி, பாப்பா 'இன்னும்'னு எங்க சொன்னா?"

"குருக்கள்கிட்ட மேடம்"னார் குற்றாலிங்கம். "வீட்டுல பிஸ்கட் நின்னதும் அழுதா. அதான் தினம் என் கடையைச் சீக்கிரம் அடைச்சுட்டு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போறேன். வழியெல்லாம் ஏதாவது கேட்டுட்டு, அவ பதிலுக்கு நின்னு நின்னு போவேன். குருக்கள் 'இன்னும் வேணுமா'ன்னு கேட்டுட்டு, அவ வாயைத் திறக்கிற வரைக்கும் கரண்டியோட நிப்பார்."

மகேஸ்வரி கண்ணு கலங்கிருச்சு. "தயிர்சாதத்துக்கு ஏங்க விட்டுட்டேனே"ன்னா. வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா ஒரு கிண்ணம் பிசைஞ்சா.

பெத்தவங்களே, சாப்பாடு முக்கியமில்லன்னு நான் சொல்லல. சில பிள்ளைக்குப் பால் ஒத்துக்காது. டாக்டர் சோதிச்சுச் சொன்னா நிறுத்துங்க. வீடியோக்காரன் சொன்னான்னு பிள்ளை தட்டுல கை வைக்காதீங்க. ஆதிரையைப் பேச வெச்சது பத்தியமா? இல்ல. கேசரியா? அதுவும் இல்ல. அவ பதில் சொல்ற வரைக்கும் அப்பாவும் குருக்களும் அவசரப்படாம நின்னாங்க...

நீங்க நிப்பீங்களா?