மேசையளவு நல்ல தகடு

எனக்கு மூச்சிரைப்பு, தம்பி. அதனால் பேச்சும் மெதுவாகத்தான் வரும். நீங்கள் எழுதிக்கொள்ள அதுவும் வசதிதான்.

என் வேலை வளைப்பது. அமிலத் தொட்டி கட்டுகிறவர்கள் சாதாரண இரும்புத் தகட்டின் உட்புறம் முழுக்க எவர்சில்வரை வெல்டிங்கிலேயே மெழுகிவிடுவார்கள். அந்தத் தோல் நன்றாகப் பிடித்திருந்தால் அமிலம் இரும்பைத் தொடாது. பிடிக்கிறதா என்று பார்க்க, ஒவ்வொரு வெல்டரும் அதேபோல ஒரு மாதிரித் தகடு செய்து என்னிடம் தருவார். அதில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை அறுத்து, அழுத்தப்பொறியில் கொண்டை ஊசி மாதிரி வளைப்பேன். வளைவில் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வாய் பிளந்தால் தேறவில்லை. அவ்வளவுதான் என் படிப்பும் பட்டமும்.

ஆறு வருடத்துக்கு முன் ஒட்டடைக்குச்சி என்கிற வெல்டரின் பட்டை பிளந்தது. ஆள் உயரம், சதையே கிடையாது. அதனால் அந்தப் பெயர். ஏற்கெனவே இரண்டு முறை பிளந்திருந்தது. இந்த மூன்றாவதும் போனதென்று எழுதினால் வெல்டிங் முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு மூட்டை தூக்கப் போகவேண்டும்.

“இன்னொரு தடவை வளைச்சுப் பாருங்கக்கா.”

“பிளந்தது இன்னும் பிளக்கும்டா. ஒட்டிக்குமா?”

வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து அழுதான். வீட்டில் மனைவி நிறைமாதம். யார் அழுதாலும் எனக்குச் சோறு இறங்காது.

பொறி சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக என்னிடம் மேசையளவுத் தகடு ஒன்று இருந்தது. ஓய்வு பெற்றுப்போன பெரியவர் ஒருவர் மெழுகியது. வெண்ணெய் மாதிரி வளையும். அதில் ஒரு பட்டை அறுத்து, ஒட்டடைக்குச்சியின் வெல்டர் எண்ணைப் பொறித்து, வளைத்தேன். ஒரு கீறல் இல்லை.

அவனுக்குச் செய்துவிட்டு மற்றவனுக்குச் செய்யாவிட்டால் அது ஓரவஞ்சனை. அன்றிலிருந்து எல்லோருக்கும் அதே தகடுதான். அவர்கள் கொண்டுவந்ததை நான் வளைத்துக்கூடப் பார்ப்பதில்லை. எதற்கு வீண் மனக்கஷ்டம். ஆறு வருடத்தில் ஒருவர்கூடத் தோற்கவில்லை. எங்களுக்குக் கேடயம் கொடுத்தார்கள். “நம்ம பசங்க கை தங்கம்” என்று மேலாளர் மேடையில் சொன்னார். நானும் கைதட்டினேன்.

போன மாதம், நம்ம பசங்க கட்டிய ஐந்து தொட்டிகளில் ஒன்றின் அடியில் கசிந்தது. எல்லோரும் விலகி நிற்க, ஒட்டடைக்குச்சி குனிந்து தொட்டிக்கு அடியில் போனான். “நான் போட்டதுடா, அக்கா பாஸ் பண்ணது. ஒண்ணும் ஆகாது, வாங்க” என்று இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டானாம். அவர்கள் போனதும் அடித்தகடு உடைந்து அமிலம் கொட்டியது. மூன்று பேரையும் போர்வையில்தான் கொண்டுவந்தார்கள். அவனுக்கு அந்தத் தைரியத்தைக் கொடுத்தது நான்தான்.

விசாரணைக் குழு உடைந்த இடத்திலிருந்து ஒரு துண்டை வெட்டிச் சோதனைக்கு அனுப்பியது. எங்களிடம்தான். கேடயம் இருக்கிறதே. அன்று காலையிலேயே அவன் மனைவி மகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

“அவர் வேலை சரியில்லன்னு மட்டும் எழுதிடாதீங்கக்கா. இவ பள்ளிக்கூடத்துல எப்படித் தலைநிமிர்ந்து நடப்பா?”

நான் எழுதவில்லை. நல்ல தகட்டிலிருந்து அவனுக்குக் கடைசியாக ஒரு பட்டை. கீறல் இல்லை. வெல்டிங்கில் குறையில்லை என்று அறிக்கை போயிற்று. அப்படியானால் தொட்டி எதனால் உடைந்தது என்று குழு கேட்டது. அது என் துறை இல்லை.

அப்புறம்தான் குழுவிலிருந்து நீங்கள் வந்து என் அலமாரியைத் திறந்தீர்கள்.

மற்ற நான்கு தொட்டிகளின் வெல்டிங்கை யார் சோதித்தது என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். நான்தான். திங்கட்கிழமை நிரப்பப் போகிறார்கள், அதற்குள் மறுபடி சோதிக்கவேண்டும் என்கிறீர்கள். முகமெல்லாம் வெளிறிப் போயிருக்கிறது. எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அலமாரியில் எடுத்த தகட்டை மட்டும் திருப்பிக் கொடுங்கள், தம்பி. நான்கு விரல் அகலம் மிச்சமிருக்கிறது. தொட்டிக்கு ஒரு பட்டை, சரியாக வரும்.