மிதிபடாத டப்பாக்கள்

— அந்தச் சாக்கைத் தூக்கி வெளியில எறிடா. மாடிப்படி அடியெல்லாம் புளிச்ச நாத்தம், குடலைப் பிடுங்குது.

— அலுமினிய டப்பாதானேக்கா. சாயங்காலம் கொண்டு போய்ப் போட்டுடறேன், விடு.

— குப்பைன்னு சொல்லு. பேங்க்ல ஆபீசரா இருந்து ரிட்டயர் ஆன துரை, தெருத்தெருவா தொட்டிக்குள்ள கையை விட்டு பீர் டப்பா பொறுக்கறாரு. எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்துச் சிரிக்கறா.

— சிரிக்கட்டும், விடு. மண்ணை வெட்டிப் புதுசா அலுமினியம் எடுக்க நூறு பங்கு கரண்ட் ஆகுதுன்னா, பழசை உருக்கறதுக்கு அஞ்சு பங்கு போதும். எத்தனை தடவை உருக்கினாலும் தரம் குறையாது. மலையையும் குடைய வேண்டாம்.

— ஆகா! பூமியைத் தாங்கிப் பிடிக்க வந்துட்டாரு. மாடி ரூம்ல பட்டப்பகல்ல எரியற லைட்டை அணைக்கத் துப்பில்ல, வாயைப் பாரு வாயை.

— அணைச்சுடறேன்.

— அப்புறம் அந்த மிதி! விடிஞ்சா போதும், ஒவ்வொரு டப்பாவா தங்குதங்குன்னு. வாங்கறவன்கிட்ட நசுக்க மிஷின் இல்லையா?

— நசுக்கினா சாக்குல நிறைய அடங்கும்க்கா.

— இதோ பாரு. ஞாயித்துக்கிழமை பொண்ணோட மாமனார் மாமியார் வர்றாங்க. அதுக்குள்ள இந்தக் கூத்தை நிறுத்தணும். இல்லேன்னா ரூமைக் காலி பண்ணு.

— நான் எங்கேக்கா போவேன்?

— எங்க போனாலும் குப்பைத்தொட்டி இருக்கும், கவலைப்படாதே. உங்க அத்தானைப் பாரு, அவரும் ஆம்பளைதான். குடியை விடுங்க, இல்ல என்னை விடுங்கன்னேன். அன்னிக்கே விட்டாரு. இப்ப வெறும் டப்பா சோடாதான். குடிச்சு முடிச்சதும் ஈரத்துணி பிழியற மாதிரி டப்பாவை ஒரு முறுக்கு முறுக்கிப் போடுவாரு பாரு, அதுலயே தெரியும் அவரோட வைராக்கியம்.

— அத்தானுக்குக் கையில பலம் ஜாஸ்தி.

— உனக்கு ரோஷமே கிடையாதாடா? இவ்வளவு கேவலமா பேசறேன், கல்லு மாதிரி நிக்கறே. தள்ளு, நானே எறியறேன்.

— வேண்டாம்க்கா, வச்சிடு! அதை நான் இன்னும் மிதிக்கல.

— மிதிக்கலேன்னா என்ன, கடிச்சிடுமா? ஐயையோ, அடி கிழிஞ்சு எல்லாம் கொட்டிப் போச்சே. கருமம், கருமம்.

— நீ உள்ள போ. நான் அள்ளிக்கறேன்.

— இரு. பாதி டப்பா ஏண்டா இப்படிக் கிடக்கு?

— கார் ஏறியிருக்கும், விடுக்கா.

— கார் ஏறினா தட்டையால்ல ஆகும். இது பிழிஞ்சு கிடக்கு. இதோ இதுவும். இதுவும். எல்லாமே பீருடா.

— அக்கா...

— இதை எந்தத் தொட்டியில பொறுக்கினே?

— தொட்டியில இல்ல. நம்ம கார் ஷெட்டுல, பழைய டயருக்குப் பின்னாடி.

— அப்ப ஊர் டப்பாவை எல்லாம் எதுக்குடா பொறுக்கிட்டு வந்தே?

— நம்ம வீட்டு டப்பா தனியாத் தெரியக் கூடாதில்லக்கா.