முதல் தண்ணி நீலம்

இல்ல தம்பி, நம்புங்க. ஒரு வார்த்த பொய் இருந்தாலும் என் நாக்கு அழுகிப் போகட்டும். எங்க வீட்டுக்காரரு எடுக்கிற நீலத்துக்குப் பக்கத்துல வானத்த நிறுத்துனீங்கன்னா, வானம் சாயம் போன லுங்கி மாதிரி தெரியும்.

உக்காருங்க. முக்காலி ஆடும், பயப்படாதீங்க, என்னையே தாங்குது. கொஞ்சம் மெதுவா பேசுங்க. அவரு உள்ளதான் இருக்காரு, பாம்புக் காது.

எப்படி எடுப்பாருன்னா, நீலக் கல்லு இருக்குல்ல, மோதரத்துல வெக்கிறது இல்ல, சாயம் எடுக்கிற கல்லு, அத இடிச்சு மாவாக்குறது என் வேல. மெழுகும் பிசினும் உருக்கி, மாவ அதுல போட்டு உருண்ட புடிச்சு, வெதுவெதுன்னு சாம்பத் தண்ணிக்குள்ள வெச்சு அவரு பிசைவாரு. கல்லுல இருக்கிற அழுக்கெல்லாம் மெழுகு புடிச்சு வெச்சுக்கும். நீலம் மட்டும் தண்ணில எறங்கும். மொதத் தண்ணிதான் தண்ணி! அப்புறம் வெளுத்துக்கிட்டே வந்து கடைசில சாம்பக் கலரு. அடியில படியுறத வடிச்சு, வேலம்பிசினும் தேனும் விட்டு அரைச்சு, வில்லையா ஊத்துவாரு. தேன் வாசத்துக்கு எறும்பு வரும். எறும்புக்கெல்லாம் வாயி நீலமா இருக்கும்னு நான் கேலி பண்ணுவேன்.

ஆமா, படம் வரைய நீங்க கேட்டது அந்த வில்லைதான். எடுத்துத் தரேன்னு எங்க சொன்னேன்? கத சொல்றேன்னுதான சொன்னேன்.

கண்ணு போயிருச்சு தம்பி அவருக்கு. கொஞ்சம் கொஞ்சமா. ஆனா கை நிக்கல. பிசைஞ்சுக்கிட்டே கேப்பாரு, நீலம் வருதாடி? கொட்டுதுய்யான்னு நான் சொல்வேன். அன்னைக்கு ரெண்டு வாய் கூடவே சாப்புடுவாரு.

கல்லா? கல்லு ஏது? சேத்து வெச்சிருந்த கல்லையெல்லாம் வித்துதான் கண்ணுக்கு வைத்தியம் பாத்தேன். கல்லும் போச்சு, கண்ணும் போச்சு. அவருகிட்ட எந்த வாயால சொல்றது? அதான் பீங்கான் தட்ட ஒடச்சு இடிக்க ஆரம்பிச்சேன். எங்க மாமியா சீரா கொண்டாந்தது. பொம்பள உசுரோட இருந்தா என்னையவே இடிச்சிருக்கும். அவரு விரல் வெச்சுப் பாத்தா அடியில நைசா படிஞ்சிருக்கும். மனுசனுக்கு அது போதும். பொட்டி நெறைய வெள்ள வில்ல கெடக்கு. மேகம் வரையணும்னா சொல்லுங்க, அள்ளிட்டுப் போகலாம்.

சிரிக்கிறீங்க. நானும் சிரிச்சுட்டுதான் இருந்தேன், நேத்து வரைக்கும்.

நேத்து சாப்புடுறப்ப தட்ட சுண்டிப் பாத்தாரு. என்னடி, எவர்சில்வரு? பூன தள்ளி ஒடச்சிருச்சுய்யான்னேன். எல்லாத்தையுமா? ஆமாய்யா, பெரிய பூன. மனுசன் என் கையப் புடிச்சு, உள்ளங்கைய விரலால தடவுனாரு. இங்க பாருங்க, இந்தக் கீறல், கொப்புளம், எல்லாத்தையும் ஒண்ணொண்ணா. அப்புறம் கேட்டாரு, பூனைக்கு ரொம்பக் குத்திருச்சா?

என்ன புரிஞ்சுதோ, தெரியல தம்பி. நான் எச்சித் தட்ட எடுத்துக்கிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

இன்னைக்குக் காலைல உருண்டைய கைல குடுத்தேன். தண்ணில கை வெச்சாரு. பிசையல. நீலம் வருதான்னு கேக்கவும் இல்ல. கண்ணு போனதுலேர்ந்து அவரு கேக்காத நாள் இதான். இன்னும் அப்படியேதான் உக்காந்திருக்காரு. தண்ணி கூட ஆறிப்போச்சு.

ஏன் எந்திரிக்கிறீங்க? நல்லா இருக்கே! ஓசில கத கேட்டுட்டு நழுவலாம்னு பாக்குறீங்களா? கூலி வெக்காம வாசல் தாண்ட விட மாட்டேன். காசெல்லாம் யாருக்கு வேணும்? உள்ள போங்க. அந்தத் தண்ணியப் பாத்து, ஐயா, இப்படி ஒரு நீலத்த என் ஆயுசுல பாத்ததில்லன்னு சொல்லுங்க. நான் சொன்னா இனி எடுபடாது, வேத்து ஆளு சொல்லணும். கொரலு நடுங்கக் கூடாது, ஆமா. நடுங்குச்சு, இன்னொரு தடவ சொல்ல வெப்பேன்.