தங்கை திரும்பி வந்த மூன்று தடவை

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் ஒரு கோளாறும் இல்லை, டாக்டர். பதினோரு வருஷமாக ஒழுங்காக ஓடுகிறது.

என் தங்கை துணிக்கடையில் வேலை பார்த்தாள். ஒருநாள் நூல்கண்டு ஒன்றை நீட்டி, "அக்கா, இந்தச் சிவப்பு வெளுத்திருக்கா?" என்று கேட்டாள். பளிச்சென்ற சிவப்பு அது. அவளுடைய வலது கண்தான் மங்கியிருந்தது, அசைத்தால் வலி. ஸ்கேன் பார்த்து நீங்கள்தான் சொன்னீர்கள்: மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், உடம்பே தன் நரம்பின் மேலுறையை அரிக்கிறது, வரும், போகும் என்று.

அறை எடுத்துத் தனியாக இருந்தவள் என் வீட்டுக்கு வந்தாள். தபால் ஆபீஸில் நாள் முழுக்க முத்திரை குத்திவிட்டுத் திரும்பினால், "வந்துட்டியாக்கா?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். இருபது வருஷமாக அந்தக் கதவைத் திறக்கும்போது சாவிச் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கிறேன்.

ஆறு வாரத்தில் கண் தெளிந்தது. போய்விட்டாள்.

மறுவருஷம் இடுப்புக்குக் கீழே மரத்துப்போய் வந்தாள். கழுத்தைக் குனித்தால் முதுகில் கரண்ட் பாய்கிறது என்பாள். வெந்நீரில் குளித்தால் கண் இருட்டிவிடும். கையைப் பிடித்துக் கூட்டி வருவேன். அதுவும் தேறியது. பெட்டியைக் கட்டினாள்.

"ஊசி போட்டுக்கிட்டா இனிமே அடிக்கடி வராதாம்க்கா. உனக்கும் நிம்மதி."

"நிம்மதிதான்" என்றேன்.

அவள் அறையில் ஃபிரிட்ஜ் கிடையாது. குளிரில் இல்லாவிட்டால் வீரியம் போய்விடும் அந்த ஊசி மருந்து என்னிடம் இருந்தது. வாரம் ஒருமுறை வந்து போட்டுக்கொண்டு, உட்காரக்கூடச் செய்யாமல் கிளம்பிவிடுவாள். அவள் வராத ஆறு நாளும் அதைச் சமையலறைச் சன்னலில், உச்சி வெயிலில் வைத்தேன். வரும் நாள் காலையில் திரும்ப ஃபிரிட்ஜுக்குள். நிறம்கூட மாறவில்லை. ஊசியை நான்தான் போட்டேன், வலிக்காமல்.

பதினான்கு மாதத்தில் மூன்றாம் தடவை வந்தாள். கால் இரண்டும் விழுந்துவிட்டன. இந்தத் தடவை தேறவில்லை. சிறுநீர் அடங்குவதில்லை. பேச்சு குழறுகிறது. "என் உடம்புதான் சரியில்லக்கா" என்கிறாள்.

அவள் ஊசியைத் தவறவிட்டிருப்பாள் என்று நீங்கள் சீட்டில் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்துவிட்டு நேற்று முழுக்க அழுதாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் ஒரு வாரம்கூடத் தவறவிடவில்லை. அதை அடித்துவிட்டு என் பெயரை எழுதுங்கள்.

போலீசுக்கு நீங்களே சொல்லிவிடுங்கள். ஆனால் ஆறு மணிக்குள் நான் வீட்டில் இருக்க வேண்டும். திருப்பிப் படுக்கவைக்க ஆள் இல்லாமல் தவித்துப்போவாள். பாவம், என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?