கறிவேப்பிலைக்கு இருபத்துமூன்று டிகிரி

ஜனவரி மாதக் காலை, கொலோன் டிராம். எனக்கு முன்னால் இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள். மூத்தவரின் மடியில் வீட்டு வரைபடம். வீட்டைச் சூடாக்கப் புது ஹைட்சுங் போடப்போகிறாராம்.

“கறிவேப்பிலைக்கு இருபத்திமூண்டு டிகிரி. இவருக்குப் பதினெட்டுக் காணும்” என்றார்.

நான் இறங்கவேண்டிய தரிப்பு வந்தது. இறங்கவில்லை.

“ஹைட்சுங்காரன் ஒண்டும் சொல்லேல்லையோ அக்கா?”

“எந்த அறைக்கு எத்தினை டிகிரி எண்டு அவன்தானே கேட்டவன். சின்ன அறைக்கு இருபத்திமூண்டு எண்டன். குழந்தையோ எண்டான். ஓம், ஒன்பது வயசு எண்டன்.”

“பிறகு?”

“புது பொயிலரில தண்ணி மெல்லிய சூட்டில ஓடினாத்தான் காஸ் மிச்சமாம். அதுக்கு ரேடியேட்டர் பெரிசா வேணுமாம். அந்த அறையில ஒரு சுவர் முழுக்க வருது. இவற்ற சோபாவைத் தூக்கியாச்சு.”

“வேலை நடக்கிற மூண்டு நாளும் வீடு குளிருமே?”

“அதாலதானே கறிவேப்பிலைக் கண்டை உங்கட வீட்டில விடுறன்.”

“அப்ப அண்ணை?”

“அவர் வீட்டில நிக்கட்டும். வேலையாக்களுக்குக் கதவு திறக்க ஆள் வேணுமெல்லோ.”

டிராம் நின்றது. அக்கா எழுந்து பின்னால் திரும்பினார்.

“இஞ்சருங்கோ, இறங்குவம். கண்டுக்குக் காத்துப் படாமல் வாங்கோ.”

எனக்குப் பின்னாலிருந்து ஒருவர் வெறும் சட்டையோடு, கையில் செடித்தொட்டியோடு எழுந்தார். அவருடைய குளிர் ஜாக்கெட்டைக் கறிவேப்பிலை போட்டிருந்தது. ஜிப் கழுத்துவரை பூட்டியிருந்தது.