நான்கு மணி வகுப்பு

மேடையில் வீற்றிருக்கும் புலத்தலைவர் அவர்களே, கணிதத் துறையிலிருந்து வந்திருக்கும் பேராசிரியப் பெருமக்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த நம் மேடத்தின் கணவர் அவர்களே, கைக்குழந்தையோடு வந்திருக்கும் அவருடைய மகளே, ஆய்வக உதவியாளர்களே, அலுவலக நண்பர்களே, பின்வரிசைகளை நிரப்பியிருக்கும் உயிர் அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவ மாணவியரே, உங்கள் முன் நிற்கக் கூச்சப்படுகிற ஒருவனின் வணக்கம்.

அழைப்பிதழில் என்னைத் தாவரவியல் துறைத் தலைவர் என்று போட்டிருக்கிறார்கள். அது சரிதான். எனக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. இந்தப் புலத்தின் கால அட்டவணையைப் போடுகிறவன் நான். எந்த வகுப்பு எந்த நேரம், எந்த அறை என்று முடிவு செய்கிறவன். அதையும் சேர்த்துப் போட்டிருக்க வேண்டும். இன்று நான் பேச வந்திருப்பது அந்தப் பொறுப்பில்தான்.

நாம் இழந்திருப்பது யாரை? பதவியைச் சொன்னால், கணிதத் துறை இணைப் பேராசிரியர். உயிர் அறிவியல் மாணவர்களுக்குப் பல மாறிகளைக் கொண்ட நுண்கணிதம் நடத்துவதற்காகவே எங்கள் கட்டடத்துக்கு நடந்து வந்துகொண்டிருந்தவர். ஆனால் அந்தப் பதவியைச் சொல்லித் தேடினால் இந்த வளாகத்தில் யாருக்கும் அவரைத் தெரியாது. உருளைக்கிழங்கு மேடம் என்று சொன்னால் வாசல் காவலாளிகூடக் கையை நீட்டி வழி காட்டுவார். அந்தப் பட்டப்பெயர் அவருக்குத் தெரியுமா? நன்றாகவே தெரியும். ஒரு மாணவன் விடைத்தாளில் ஆசிரியர் பெயர் எழுத வேண்டிய இடத்தில் பழக்க தோஷத்தில் உருளைக்கிழங்கு என்றே எழுதிவிட்டான். மேடம் சிவப்பு மையில் அதற்கு முன்னால் இணைப் பேராசிரியர் என்று சேர்த்துக் கொடுத்தார். கொடுக்கிற மரியாதையை முழுதாகக் கொடு என்றாராம்.

அந்தப் பெயர் எப்படி வந்தது என்று குடும்பத்தாருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பில் ஒரே புலம்பல்தான். "கணக்குக்குப் பயந்துதானே மேடம் இந்தப் பக்கம் வந்தோம். இங்கயும் துரத்திக்கிட்டு வருதே." நானும் அப்படி ஓடி வந்தவன்தான். இலையும் வேரும் என்னிடம் கணக்குக் கேட்காது என்று நம்பி வந்தவன். அப்படிப்பட்டவர்கள் முன்னால் அவர் சூத்திரம் எதுவும் எழுத மாட்டார். கைப்பையிலிருந்து ஓர் உருளைக்கிழங்கை எடுப்பார். இரண்டாக வெட்டி, ஒரு பாதியை வெட்டுப்பக்கம் கீழே இருக்கும்படி வெள்ளைத்தாளில் கவிழ்ப்பார். "இது ஒரு மலை. சரியா?" என்பார். நடுவில் ஓர் ஊசியைக் குத்தி உருவிவிட்டு, கிடைமட்டமாக வில்லை வில்லையாக நறுக்குவார். அந்த ஊசித் துளை நகராமல் ஒவ்வொரு வில்லையையும் தாளில் வைத்துப் பென்சிலால் சுற்றி வரைவார். கோட்டுக்குள் கோடாக ஒரு படம் வரும்.

"கோடு எங்க நெருங்கி நிக்குது, பாரு."

"இந்தப் பக்கம் மேடம்."

"அங்கதான் ஏத்தம் செங்குத்து. அந்தப் பக்கமா ஏறினா மூச்சு வாங்கும். இப்பச் சொல்லு, இதுல பயப்பட என்ன இருக்கு?"

"மேடம், இது நாங்க லேப்ல பிளேடு வச்சு தண்டைச் சீவற மாதிரியே இருக்கு."

"அதேதான்டா. உனக்குத் தெரிஞ்சதைத்தான் நான் திருப்பிச் சொல்லிக்கிட்டு இருக்கேன்."

அந்த ஊசி எங்கள் ஆய்வகத்து ஊசி. ஒன்று குறைகிறது என்று நான் எழுத்து மூலமாகக் கேட்டேன். நான் அப்படிப்பட்ட ஆள். மறுநாள் ஊசி வந்தது, ஒரு தட்டில், அவித்த உருளைக்கிழங்கு ஒன்றின் மேல் குத்தி. உப்பு மிளகு தூவியிருந்தது. கோபமாக இருந்தேன், ஆனால் சாப்பிட்டுவிட்டேன்.

அவர் மாணவர்களுக்கு மட்டுமா ஆசிரியர்? எனக்கும்தான். விதைகள் முளைப்பதைப் பற்றி நான் ஓர் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். தண்ணீரை மாற்றுவேன், வெப்பத்தை மாற்றுவேன், முளைப்பது ஏறும், இறங்கும், ஒன்றும் பிடிபடாது. மாதக்கணக்கில் மண்டை காய்ந்தேன். ஒரு மதியம் மேடம் என் முளைத்தட்டுகளுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். "சார், ரெண்டையும் ஒண்ணா மாத்திட்டு அப்புறம் எதைக் குத்தம் சொல்லுவீங்க? ஒண்ணை மட்டும் எழுப்புங்க, மத்ததெல்லாம் உட்கார்ந்து இருக்கட்டும். அப்புறம் அடுத்ததை எழுப்புங்க. ஒவ்வொண்ணோட பங்கும் தனித்தனியாத் தெரியும்." இவ்வளவுதான் சொன்னார். பகுதி வகைக்கெழு என்று பாடப்புத்தகம் பயமுறுத்துகிறதே, அது இதுதான் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. என் ஆய்வு முடிந்தது. கட்டுரையும் வந்தது. ஆகவே எனக்குத் தெரியாது என்று இன்று நான் சொல்ல முடியாது.

என்ன தெரியாது என்று சொல்ல முடியாது? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன். புலத்தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆண்டு வரை மேடத்தின் வகுப்பு காலை ஒன்பது மணிக்கு. மாணவர்கள் குளித்துவிட்டு, தூங்கி எழுந்த முகத்தோடு வந்து உட்கார்வார்கள். இந்த ஆண்டு அந்த ஒன்பது மணியை நான் எடுத்துக்கொண்டேன். என் தாவர உடலியல் வகுப்புக்கு. காரணம் எதுவும் இல்லை. காலையில் பாடம் நடத்தினால் எனக்குச் சுகமாக இருக்கும், அவ்வளவுதான். மேடத்தின் வகுப்பைத் தூக்கி மாலை நான்கு மணியில் போட்டேன். ஆய்வகத்தில் மதியம் முழுவதும் நின்றுகொண்டே அறுத்து, சாயம் ஏற்றி, படம் வரைந்து, கையில் ஃபார்மலின் வாடையோடு பிள்ளைகள் வெளியே வருகிற நேரம் அது. ஆய்வகக் கட்டடத்திலிருந்து வகுப்புக் கட்டடத்துக்கு ஓட வேண்டும். இரண்டு மாடி ஏற வேண்டும்.

மேடம் என் அறைக்கு வந்தார். "சார், ஒன்பது மணி உங்ககிட்டயே இருக்கட்டும். சாப்பாட்டுக்கு முன்னாடி எந்த நேரம்னாலும் குடுங்க. நாலு மணிக்குப் பசங்களுக்குக் கண்ணே திறக்காது."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க மேடம்." தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

முதல் தேர்வில் பாதிக்கு மேல் தேறவில்லை. அவருடைய வகுப்பில் இதற்கு முன் அப்படி நடந்ததே இல்லை. பாடத்திட்டக் குழு கூடியது. அறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது. நான் என்ன எழுதினேன்? இந்தப் பாடம் நம் மாணவர்களுக்குப் பளுவாக இருக்கிறது, அடுத்த ஆண்டிலிருந்து நீக்கிவிடலாம் என்று எழுதினேன். ஒரே ஒரு காரணம். மற்றதையெல்லாம் அசையாமல் உட்கார வைத்துவிட்டு, குற்றத்தை முழுக்கப் பாடத்தின் தலையில் கட்டினேன்.

கூட்டத்தில் மேடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். சண்டை போடவில்லை, குரலை உயர்த்தவில்லை. "போன வருஷமும் இதே பாடம்தான். அதே கேள்விகள்தான். நடத்தினதும் நான்தான். அப்ப நடுவுல என்ன மாறிச்சு?"

அந்த அறையில் பதில் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் கேள்வி கேட்டவர். இன்னொருவன் நான். நான் சிரித்துக்கொண்டே, "பசங்கதான் மேடம் மாறிட்டாங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். கைகள் உயர்ந்தன. பாடத்தை நீக்கலாம் என்று முடிவானது. அவர் ஏன் சொல்லவில்லை? டைம்டேபிளை மாத்தினது இவர்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் முகத்தில் ஈ ஆடியிருக்காது. வெளியே நடைபாதையில் என் பக்கத்தில் வந்தார். "நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன் சார்" என்றார். பிறகு மாடிப்படி ஏறி நான்கு மணி வகுப்புக்குப் போனார். நான் அவரை உயிரோடு பார்த்தது அதுதான் கடைசி.

செய்தி வந்த அன்று அவர் வீட்டுக்குப் போனேன். கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், உங்களுக்குத் தெரியும். இந்த மேடையில் பாதிப் பேருடைய மூக்கில் அவர் கைவேலைதான் இருக்கிறது. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, என்னாலதான் இப்படி ஆயிடுச்சு என்று அழுதேன். அவர் என்னைத் தேற்றுவார் என்று நினைத்தேனோ, அடிப்பார் என்று நினைத்தேனோ, தெரியவில்லை. அவர் இரண்டையும் செய்யவில்லை.

"உட்காருங்க சார். அவளுக்கு இதயத்துல வால்வு சரியில்லாம ரொம்ப நாளாச்சு. மாத்திரையை மறந்துடுவா. பொண்ணுக்குப் பிரசவம்னு ஒரு மாசமாத் தூக்கம் கிடையாது. படி ஏறாதேன்னா ஏறுவா. இவ்வளவு இருக்கறப்ப நீங்க ஒருத்தரே மொத்தத்தையும் தூக்கிட்டுப் போகப் பார்க்கறீங்களே. இதைக் கேட்டா அவளுக்கே கோவம் வரும். ஒரே காரணம்னு யாராவது சொன்னா அவளுக்கு ஆகாது."

நான் உட்கார்ந்தேன். அவர் தொடர்ந்தார்.

"உங்க பங்கு எதுவோ அதைச் சொல்லுங்க. என்கிட்ட இல்ல. சொல்ல வேண்டிய இடத்துல. அவ அன்னைக்கே வீட்டுக்கு வந்து இந்த டைம்டேபிள் விஷயத்தைச் சொன்னா. திட்டல. அவரே ஒருநாள் சொல்லுவாருன்னு சொன்னா."

ஐயா, மேடம் என்னைத் திட்டியிருக்கலாமே என்று அன்றிலிருந்து எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கிறது. திட்டு வாங்கியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். என்னை நம்பிவிட்டுப் போய்விட்டாரே, அதை நான் எங்கே கொண்டுபோய் இறக்கி வைப்பது?

அன்பு மாணவர்களே, இப்போது உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். இந்த இரங்கல் கூட்டத்துக்கு நேரம் குறித்தவனும் நான்தான். வாரத்தில் எல்லோருக்கும் ஒழிந்த நேரம் எது என்று அட்டவணையில் தேடினேன். வியாழன் மாலை நான்கு மணி காலியாக இருந்தது. ஏன் காலியாக இருந்தது என்று யோசிக்காமலே எழுதிவிட்டேன். அது அவருடைய வகுப்பு நேரம். இங்கே ஒலிபெருக்கி முன் வந்து நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. நீங்கள் நேராக ஆய்வகத்திலிருந்து வந்திருக்கிறீர்கள். சிலர் இன்னும் வெள்ளை அங்கியைக் கழற்றவில்லை. மூன்றாவது வரிசையில் ஒரு தம்பி இரண்டு முறை தூங்கி விழுந்துவிட்டார். பக்கத்திலிருக்கிற தங்கை, அவரை இடிக்க வேண்டாம், தூங்கட்டும். மேடத்தின் மேல் உங்களுக்கு இருக்கிற அன்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அழுத கண் பாதிப் பேருக்கு. அப்படியிருந்தும் கண் சொருகுகிறது என்றால் அது உங்கள் குற்றமா? அவர் நின்ற இடத்தில் நின்று, அவர் வகுப்புக்கு வகுப்பு பார்த்ததை இன்று நான் பார்த்துவிட்டேன். பசங்கதான் மாறிவிட்டார்கள் என்று உங்களைக் கேலி செய்தேனே, என்னை மன்னித்துவிடுங்கள்.

புலத்தலைவர் அவர்களே, விட்டுச் சென்ற பணியைத் தொடர்வோம் என்று உறுதிமொழி சொல்லித்தான் இப்படிப்பட்ட உரைகளை முடிப்பார்கள். அவருடைய பணியை நிறுத்தச் சொல்லி எழுதிய என் அறிக்கை வருகிற திங்கட்கிழமை இறுதி ஒப்புதலுக்காகக் கல்விப் பேரவைக்கு வருகிறது. அதை மேசை மேல் வைத்துக்கொண்டு நான் எந்த வாயால் உறுதிமொழி சொல்வது? ஆகவே இத்தனை பேர் சாட்சியாகச் சொல்கிறேன். அந்த அறிக்கை தவறானது. தெரிந்தே தவறாக எழுதினேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். திங்கட்கிழமை பேரவையில் நானே எழுந்து, என்ன மாறியது என்று சொல்வேன். நீங்கள் என்ன நடவடிக்கை எடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

ஒன்பது மணி அவருடைய பாடத்துக்குத் திரும்பப் போகிறது. மேடையில் இருக்கும் கணிதத் துறை இளம் விரிவுரையாளர், தேர்வு வரை வகுப்பை எடுப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். உருளைக்கிழங்கை நறுக்கத் தெரியாது என்று பயப்படுகிறார். ஊசி நான் தருகிறேன், திருப்பிக் கேட்க மாட்டேன். முதல் பெஞ்சில் மாணவனாக உட்காரப் போவதும் நான்தான். வீட்டுப்பாடம் நானும் எழுதுவேன். என் தாவர உடலியல் இனி நான்கு மணிக்கு. தூங்குகிறவர்கள் தூங்கலாம், எழுப்புவது என் பாடு.

இதனால் அவர் திரும்பி வருவாரா? வர மாட்டார். நான் செய்தது இல்லையென்று ஆகிவிடுமா? ஆகாது. அவர் காத்திருந்த ஒரு வார்த்தையை அவர் காதில் விழாத இடத்தில் நின்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அதற்குமேல் என்னிடம் எதுவும் இல்லை.

இறுதியாக, எல்லோரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் காப்பது முறை. பிள்ளைகளே, நீங்கள் எழுந்திருக்க வேண்டாம். மதியத்திலிருந்து நின்றுவிட்டு வந்திருக்கிறீர்கள். நீங்கள் உட்காருங்கள். நான் நிற்கிறேன்.