ஆதாரம்: என் கை

— ...அதுக்குன்னு எழுதினதை அப்படியே அழிச்சிடறதா? மூணு தடவை, தாயி! முப்பது வருஷமா தையல் மிஷின் ரிப்பேர் பாக்குறவன் நான்.

— அழிக்காம? அது கலைக்களஞ்சியம்ப்பா. நெட்ல ஊரே கூடி எழுதுறது. நம்ம கடை போர்டு இல்ல. கட்டுரைக்கு அடியில போன் நம்பர் போட்டா எவன் விடுவான்?

— ஊசியைத் திருப்பி மாட்டினா நூல் அறுந்துக்கிட்டே இருக்கும்னு எழுதினேன். அது பொய்யா?

— பொய்யில்ல. ஆதாரம் கேட்டாங்க. நீங்க என்ன எழுதினீங்க?

— ‘ஆதாரம்: என் கை. நேர்ல வந்து பாரு.’

— அதையும் கட்டுரைக்கு நடுவுல! படிக்க வர்ற புள்ளைங்க ஊசிக்கும் பாபினுக்கும் இடையில உங்க சண்டையைப் படிக்குதுங்க.

— சிரிக்காத. அங்க கத்தரிங்கற பேர்ல ஒரு நிர்வாகி, மூணு தடவையும் அழிச்சவன் இருக்கானே, ஈவு இரக்கமே இல்லாத பய.

— ஏன், பொண்ணா இருக்கக் கூடாதா?

— பொண்ணுன்னா அவ அப்பன் பாடு திண்டாட்டம்.

— அப்பா! இன்னைக்குச் சாயங்காலத்தோட உங்களை முடக்கப் போறாங்க. அப்புறம் ஒரு எழுத்து எழுத முடியாது. அந்தக் கத்தரிதான் மத்தவங்ககிட்ட மல்லுக்கட்டி ஒரு நாள் டைம் வாங்கியிருக்கு.

— உனக்கெப்படித் தெரியும்?

— அங்கதான் போட்டிருக்கே... பேச்சை மாத்தாதீங்க. அச்சுல வந்த புத்தகம் ஏதாவது இருக்கா? மிஷினோட வந்தது?

— ஆயில் டப்பாவுக்குப் பின்னாடி பாரு. அறுபத்திரெண்டாம் பக்கம்.

— எங்க... அட! நீங்க எழுதின அதே விஷயம், படத்தோட! இது போதும்ப்பா, எவனும் கை வைக்க மாட்டான்! சீட்டு வேற சொருகியிருக்கு. எப்ப வெச்சீங்க?

— நான் எழுதின முத நாளே.

— முத நாளேவா! ஆதாரத்தைக் கையில வெச்சுக்கிட்டு எதுக்குப்பா இத்தனை கூத்து?

— இந்த வீட்டுக்கே முத டிகிரி உன்னோடது. அது வந்ததுல இருந்து எங்கிட்ட ‘ம்’, ‘சரி’, ரெண்டே வார்த்தை. அன்னைக்கு நான் எழுதி முடிச்ச அடுத்த நிமிஷம் உள் ரூம்ல இருந்து ‘ஐயோ, இது நம்ம கடை நம்பர்!’னு ஒரு கத்தல். கையோட கத்தரி பேர்ல அழிப்பு. ஒழுங்கா எழுதியிருந்தா, இப்படி எதிர்ல உக்காந்து எங்கூட யாரு சண்டை போடுவா, கத்தரி?